அப்பாவும் நானும் அரை குப்பி கள்ளும்!

எல்லாம் ஒரு போன் காலில் ஆரம்பித்தது.

சனிக்கிழமை சாயங்காலம். பெங்களூரில் இருக்கும் நண்பன் பேசிக்கொண்டிருந்தான். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். "மச்சி, இங்க ஒரு இடம் பிடிச்சிருக்கேன்டா. கிராஃப்ட் பீர்! எட்டு வகை. போன தடவை நீ குடிச்சியே, அதெல்லாம் பீரே இல்ல" என்று அளந்தான். பின்னால் அப்பா நிற்பதை நான் பார்க்கவில்லை.

(இஸ்திரி போடும்போது ஸ்பீக்கர் போடாதீர்கள். இரண்டும் சுடும்!)

எனக்கு வயது 36. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. இருந்தும் அந்த நிமிஷம், பத்தாவது கணக்குப் பரீட்சை பேப்பரை மறைத்து வைத்து மாட்டிக்கொண்டவன் மாதிரி முழித்தேன். திட்டு விழும் என்று பார்த்தால் அப்பா கட்டிலில் உட்கார்ந்து, சாவதானமாகக் கேட்டார்:

"கிராஃப்ட் பீர்னா என்னடா?"

"அது... வந்துங்கப்பா... பெரிய கம்பெனி சரக்கு இல்லீங்க. சின்ன அளவுல, பக்குவமா, ஆளுங்க பார்த்துப் பார்த்துச் செய்யறது. இடத்துக்கு இடம் ருசி மாறும். ரொம்ப நாள் வச்சிருக்க முடியாது. அங்கேயே செஞ்சு அங்கேயே குடிச்சிடணும்."

"இதைத்தானே எங்க ஊர்ல கள்ளும்பாங்க!"

நான் இஸ்திரிப் பெட்டியைச் சட்டையின் மேலேயே வைத்துவிட்டேன். (அந்தச் சட்டை இப்போது கைப்பிடித் துணி.)

அப்பா காபி கூட ஸ்ட்ராங்காகக் குடிக்காதவர். ஒரு மில்லில் கணக்கு எழுதி ரிடையர் ஆனவர். எழுபது வயதில் ஷுகருக்கு ஒரு மாத்திரை, பிரஷருக்கு ஒரு மாத்திரை. அவர் வாயிலிருந்து 'கள்' என்ற வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. அவர் சமையல்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஒரு நாளைக்கு சித்தூர் போயிட்டு வரலாமா? நீயும் நானும் மட்டும்."

அம்மாவிடம் என்ன சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அவரே அதையும் சொல்லிவிட்டார். "ராமசேரி இட்லி திங்கப் போறோம்னு சொல்லு. பொய்யில்ல. போற வழிதான்."

கணக்கு எழுதியவர் அல்லவா! எந்த என்ட்ரியை எந்தத் தலைப்பில் காட்ட வேண்டும் என்று தெரிந்திருந்தது.

★

மறு ஞாயிறு காலை ஆறரை மணிக்கு உக்கடத்தில் பாலக்காடு பஸ் ஏறினோம். காரை எடுக்கவில்லை. குடிக்கிற நாளில் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்பது நான் ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் ஒரே கொள்கை.

கோயமுத்தூரிலிருந்து பாலக்காடு 50 கிலோமீட்டர்தான். ஆனால் வாளையாரைத் தாண்டியதும் ஜன்னலில் வேறு காற்று அடிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைச் சுவரில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஓர் இடைவெளி இருக்கிறதே, அதுதான் பாலக்காட்டுக் கணவாய். கோயமுத்தூர்க்காரர்கள் 'எங்க ஊரு கிளைமேட்டு' என்று காலரைத் தூக்கிவிட்டுக் கொள்வதற்கு மூலகாரணம் அந்த ஓட்டை வழியாக வருகிற கேரளத்துக் காற்றுதான்!

வாளையாரில் முன்பெல்லாம் லாரிகள் மைல் கணக்கில் வரிசை கட்டி நிற்கும். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து விற்பனை வரிச் சாவடிகளை எடுத்த பிறகு அந்தக் காட்சி போயிற்று. "எங்க மில் லாரி இங்க ரெண்டு நாள் நின்னிருக்கு" என்றார் அப்பா. அதற்கப்புறம் கஞ்சிக்கோடு வரை பேசவில்லை.

கண்டக்டர், "புதுச்சேரி இறங்கு" என்று குரல் கொடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாண்டிச்சேரி இல்லை, பாலக்காட்டுக்கு முன்னால் நெடுஞ்சாலையிலேயே இருக்கிற இன்னொரு புதுச்சேரி. 'தீர்த்த யாத்திரை' போகும் தமிழனுக்கு எந்தத் திசையில் போனாலும் ஒரு புதுச்சேரி எதிர்ப்படுகிறது பாருங்கள்!

அங்கிருந்து ஆட்டோ. வயல், பனை, மறுபடி வயல். ராமசேரி ஒரு சின்ன கிராமம். தெருவும் கோயிலும் பார்த்தால் கேரளா என்றே சொல்ல முடியாது. இட்லி சுடும் குடும்பங்கள் முதலியார்கள், காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து பல தலைமுறைக்கு முன்னால் நெசவுக்காக வந்தவர்கள் என்பது அங்கே சொல்லப்படும் வரலாறு. அன்று பல வீடுகளில் சுட்டார்கள். இன்று ஒரு சில குடும்பங்கள்தான்.

அந்த இட்லி நம் வீட்டு இட்லி மாதிரி குண்டாக இருக்காது. ஊத்தப்பமும் இட்லியும் சம்பந்தம் செய்துகொண்டது போல வட்டமாக, தட்டையாக இருக்கும். பானையில் தண்ணீர் கொதிக்கிறது. அதன் வாய்மேல் ஒரு மண் வளையம். வளையத்துக்குள் கயிற்றில் பின்னிய வலை. வலைமேல் ஈரத்துணி, துணிமேல் ஒரு கரண்டி மாவு. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடிவிடுகிறார்கள். அடியில் விறகு அடுப்பு. புளிய விறகுதான் விசேஷம். தொட்டுக்கொள்ளப் பொடி, அதில் தேங்காய் எண்ணெய்.

நான் ஆறு சாப்பிட்டேன். அப்பா இரண்டோடு நிறுத்திக்கொண்டார்.

"என்னங்கப்பா, பிடிக்கலையா?"

"வயித்துல கொஞ்சம் இடம் இருக்கட்டும்டா" என்றார். பரீட்சை ஹாலுக்குப் போகிறவர் மாதிரி முகம்.

★

சித்தூருக்குப் போகிற வழியில், ஒரு தென்னந்தோப்பு ஓரமாக, அப்பா திடீரென்று ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். அவசரமாக ஒதுங்க வேண்டுமோ என்று நினைத்தேன். இல்லை. சாலை ஓரத்தில் நின்று, தலையை அண்ணாந்து, காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

டொக்... டொக்... டொக்... டொக்.

எங்கோ உயரத்திலிருந்து சத்தம். மரங்கொத்தி என்றே நினைத்தேன்.

"பாளை தட்டறாங்க" என்றார் அப்பா.

இந்த இடத்தில், என்னைப் போன்ற பி.காம். கேஸ்களுக்காகக் கொஞ்சம் தொழில் விளக்கம்.

தென்னையில் பூ வெடிப்பதற்கு முன்னால் உறைக்குள் மூடியிருக்கிற பாளை இருக்கிறதல்லவா, அதை நாரால் இறுகக் கட்டுவார்கள். எலும்புத் துண்டாலோ மரக்கட்டையாலோ பக்குவமாகத் தினமும் தட்டுவார்கள். பலமாகத் தட்டினால் பாளை நசுங்கிப் பாழ். மெல்லத் தட்டினால் ஊறாது. நுனியைக் கத்தியால் வெற்றிலைக் கனத்துக்குச் சீவுவார்கள். சில நாள் இப்படிச் செய்த பிறகு அது சொட்ட ஆரம்பிக்கும். அடியில் முட்டியைக் கட்டித் தொங்கவிட வேண்டியது. அப்புறம் தினமும் காலையும் மாலையும் ஏறவேண்டும், சீவவேண்டும், இறக்கவேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் பாளை காய்ந்துவிடும். தென்னைக்கு ஞாயிறு, பொங்கல், சொந்தக்காரர் கல்யாணம் எதுவும் தெரியாது.

சொட்டுகிற சாறு சர்க்கரைத் தண்ணீர் மாதிரி தித்திப்பு. முட்டியின் உள்ளே சுண்ணாம்பு தடவி வைத்தால் தித்திப்பாகவே நிற்கும். அதுதான் பதநீர், எங்கள் கோவைப் பக்கம் தெளுவு. சுண்ணாம்பு தடவாவிட்டால், காற்றிலும் முட்டியிலும் இருக்கிற ஈஸ்ட் தன் வேலையைக் காட்டி, மரத்தில் தொங்கும்போதே நுரைக்க ஆரம்பித்துவிடும். அதுதான் கள். பீருக்குத் தானியத்தை முளைகட்டி, வறுத்து, காய்ச்சி, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கள் அந்தக் கஷ்டம் எதுவும் கொடுக்காது. காலையில் இளங்கள், மத்தியானம் நடுத்தரம், சாயங்காலம் காட்டம், மறுநாள் வினிகர்! ஒரே நாளில் குழந்தைப் பருவம் முதல் கிழப் பருவம் வரை பார்த்துவிடும் பானம் அது.

ஆக, தெளுவுக்கும் கள்ளுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் ஒரு கை சுண்ணாம்பு. சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவே இருப்பதும் அதே சுண்ணாம்புதான்.

இதையெல்லாம் அந்தச் சாலை ஓரத்தில் அப்பாதான் எனக்குச் சொன்னார். மூச்சு விடாமல் சொன்னார். நாலு வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேசாத மனுஷன்.

"இவ்வளவு எப்படிங்கப்பா தெரியும்?"

"ஆட்டோ நிக்குது பாரு. ஏறு" என்றார்.

★

சித்தூர் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத் தாலுகா. எழுத்தச்சன் தன் கடைசிக் காலத்தைக் கழித்த குருமடம் ஆற்றங்கரையில் இருக்கிறது. நாம் அந்தப் பக்தி மார்க்கத்தில் வரவில்லை. கேரளாவின் மற்ற ஜில்லாக்காரர்கள் குடிக்கிற கள்ளில் பெரும் பங்கு இந்தத் தாலுகாத் தோப்புகளில் இறக்கி, வண்டியேற்றி அனுப்புவதுதான். கள்ளுக்கடைக்கு லைசென்ஸ், நம்பர், தொழிலாளிக்கு நல நிதி எல்லாம் உண்டு. நல நிதிச் சட்டம் வந்ததே 1969-ல். 1996 ஏப்ரலில் சாராயத்தை ஒழித்தபோதும் கேரளா கள்ளின் மேல் கை வைக்கவில்லை.

நம் கதை வேறு. 1937-ல் சேலம் ஜில்லாவில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். 1971-ல் திறந்தார்கள். 1974-க்குள் மூடினார்கள். 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் திறந்தது, அதே எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1987 ஜனவரி 1-ம் தேதி மூடியது. கள்ளுக்கு அதோடு சரி. பாட்டில் சரக்கு 2003 முதல் டாஸ்மாக் கடைகளில் அரசாங்கமே விற்கிறது. பாட்டில் மேலேயே 'கேடு' என்று அச்சடித்து, அதையே கவுன்ட்டரில் கொடுத்துச் சில்லறையும் வாங்கிக்கொள்கிற ஊர்க்காரர்கள் நாம்!

கடை, தோப்பை ஒட்டியே இருந்தது. ஓட்டுக் கூரை. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் 'கள்' என்று மலையாளத்தில் பெரிசாக. உள்ளே பெஞ்சு, மேஜை, இடுப்பளவு தடுப்புச் சுவர். கேரளாவில் 23 வயதாகாமல் குடிக்கக்கூடாது. எங்கள் இருவர் வயதையும் கூட்டினால் 106. இருந்தும் முன்பகல் பதினொரு மணிக்கு அப்பாவோடு உள்ளே நுழையும்போது என் முழங்கால் ஆடியது.

அப்பா கல்லாப் பக்கம் போய், நேராக விஷயத்துக்கு வந்தார்.

"காலைல இறக்கினதுங்களா?"

"அதே சேட்டா. ஏழு மணிக்கு வந்ததாக்கும்."

"ஒரு சொட்டு ஊத்துங்க பார்க்கலாம்."

கையில் வாங்கி மோந்தார். நாக்கு நுனியில் வைத்தார். கண்ணை மூடினார். "ம்... தண்ணி கலக்கலை" என்றார். கல்லாக்காரர் என்னைப் பார்த்து, 'பார்ட்டி பெரிய ஆளோ?' என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். எனக்கே தெரியாதே!

ஒரு குப்பி வந்தது. நீர்த்த பால் நிறம். மேலே நுரை. இரண்டு எறும்புகள் சொர்க்கம் போயிருந்தன. நான் அப்பாவின் எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரில் இருந்தால் முகம் பார்க்க வேண்டுமே!

"ஊத்துடா" என்றார்.

என் வாழ்க்கையில் ஆபீஸ் பார்ட்டிகளில் எத்தனையோ பேருக்கு ஊற்றியிருக்கிறேன். அப்பாவுக்கு ஊற்றும்போதுதான் கை நடுங்கி மேஜையில் சிந்தியது. அவருக்கு அரை கிளாஸ். எனக்கு முழுசு.

முதலில் தித்திப்பு. அடுத்து ஒரு புளிப்பு. முடிவில் மூக்கில் சுருக்கென்று சோடா மாதிரி ஏறுகிறது. வாசனை மட்டும் ஆப்ப மாவு புளித்த வாசனை. அதில் ஆச்சரியமில்லை, அந்த ஊரில் ஆப்பத்துக்குப் புளிப்பே கள்தான்.

அப்புறம் சாப்பாடு. கேரளாவில் கள்ளுக்கடைக்குச் சாப்பிட மட்டுமே போகிறவர்கள் உண்டு. அது பொய்யில்லை என்று அன்று தெரிந்தது. வேகவைத்து மசித்துத் தேங்காயோடு தாளித்த குச்சிக்கிழங்கு. குடம்புளி போட்டு ரத்தச் சிவப்பில் மத்திக் குழம்பு. மிளகில் புரட்டிய காடை. குழம்பின் காரத்துக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது, கிழங்கு அணைக்கிறது, கள் ஆற்றுகிறது, கை மறுபடி குழம்புக்குப் போகிறது. அப்பா ஷுகரை மறந்து கிழங்கை ஒரு வெட்டு வெட்டினார். நான் தடுக்கவில்லை. மேஜைக்கடியில் மாத்திரையை மட்டும் தள்ளினேன். வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அவருடைய அரை கிளாஸில் பாதி காலியானபோது, பக்கத்து மேஜையில் அருவாப் பெட்டியை வைத்துவிட்டு ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். பேச்சு நம்ம பொள்ளாச்சிப் பேச்சு. அவருடைய பாதத்தையே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். தளைக்கயிறு அழுத்தி அழுத்திக் காய்ப்புக் காய்ச்சிப் போன பாதம்.

"உங்க அப்பாருக்கும் இப்படித்தான் இருக்கும்" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

★

அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, 'தோட்டத்துல விவசாயம்' என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். என் பள்ளிக்கூட பாரத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அவர் மரமேறி என்பது, முப்பத்தாறு வயதில், சித்தூர் கள்ளுக்கடைப் பெஞ்சில் எனக்குத் தெரிந்தது.

பனையும் ஏறுவாராம், தென்னையும் ஏறுவாராம். அப்பாவின் சின்ன வயசு முழுக்க மதுவிலக்கு. ஆகவே தெளுவுதான். முட்டி கழுவிச் சுண்ணாம்பு தடவுவது பையனின் வேலை. "இஸ்கூலுக்குப் போறப்ப விரல் இடுக்கெல்லாம் வெந்து கிடக்கும். பேனா பிடிக்க முடியாது" என்றார். சட்டம் மாற மாற முட்டியில் சுண்ணாம்பு ஏறும், இறங்கும். 1987 ஜனவரியில் கள்ளுக்கடை மூடியபோது அப்பாருக்கு 59 வயது. வேறு தொழில் தெரியாது. கோபாலபுரம் வழியாக எல்லை தாண்டி இந்தச் சித்தூர்த் தோப்புகளுக்கு வந்துவிட்டார். தோப்புச் சாளையிலேயே படுக்கை. மாசத்துக்கு ஒரு தடவை, மாற்று ஆள் கிடைத்தால், ஊர்.

"நீ பொறந்து மூணாம் மாசம். 89-ல. உன்னைப் பார்க்க ஐயன் நம்ம வாடகை வீட்டுக்கு வந்தாரு. கையில ஒரு சின்ன முட்டி. அன்னிக்குன்னு பார்த்து எங்க மில் மேனேஜரு குடும்பத்தோட வந்து உட்கார்ந்திருக்காரு."

அப்பா கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"யாரு இவருன்னு கேட்டாரு. 'ஊர்ல தோட்டத்துல வேலை செய்யறவரு, தேங்கா கொண்டாந்திருக்காரு'ன்னேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"ஐயனுக்கு நல்லாக் கேட்டுது. அவரும், 'ஆமாங்க சாமி'ன்னுட்டு நின்னாரு. முட்டியை வாங்கிட்டுப் போய்க் கொல்லைச் சாக்கடையில கொட்டிட்டேன். வாசம் வந்திரும்னு பயம். கொட்டறப்பதான் பார்த்தேன். உள்ளார வெள்ளையா சுண்ணாம்பு. கள்ளு இல்லடா அது. தெளுவு. உங்கம்மாளுக்குன்னு தெளுவு கொண்டாந்திருக்காரு. எனக்குத் தெரியாதா? நான் தடவின சுண்ணாம்புதானே எல்லாம்?"

அப்பாரு மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் பஸ் ஏறிவிட்டாராம். அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு வரவே இல்லை. 1993-ல் இறந்துபோனார். அவர் வேலை செய்த இடத்தை ஒரு தடவைகூட அப்பா வந்து பார்த்ததில்லை. 50 கிலோமீட்டர் தூரம்! என்னைக் கூட்டிக்கொண்டு வருவதற்கு எழுபது வயதாக வேண்டியிருந்தது.

பக்கத்து மேஜைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அப்பா அவரிடம் ஐயன் பேரைச் சொல்லி, தெரியுமா என்று கேட்டார். சினிமாவாக இருந்தால் அவர் துள்ளி எழுந்து 'அவர் மகனா நீங்க?' என்றிருப்பார். அவர் யோசித்துவிட்டு நிஜத்தைச் சொன்னார்.

"தெரியலைங்கண்ணா. நம்ம பக்கத்திலிருந்து எத்தனையோ பேரு வந்தாங்க. ஏறினாங்க, இருந்தாங்க, போயிட்டாங்க. மரம்தான் அப்படியே நிக்குது. பார்க்கறீங்களா, வாங்க."

கிளம்பும்போது அப்பா ஒரு குப்பி பார்சல் கேட்டார். ஐயன் சமாதிக்கு, ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று ஓர் ஆசை. "வேண்டாங்கண்ணா. கோபாலபுரத்துல பிடிச்சா கேஸு. வயசான காலத்துல எதுக்கு?" என்றார் மரமேறி. முப்பத்தைந்து வருஷம் ஒரு பைசா தப்புக் கணக்கு எழுதாத மனுஷன் உடனே கையை எடுத்துவிட்டார். குப்பியில் மீதி இருந்ததைக் கிளாஸில் ஊற்றி, கையில் பிடித்துக்கொண்டு தோப்புக்குள் நடந்தார்.

தோப்பு ஜில்லென்று இருந்தது. மேலே எங்கோ டொக், டொக். ஒரு பழைய மரத்தடியில் நின்றார். தோல் முழுக்க ஏறின கால்களின் தழும்பு. இதில்தான் ஐயன் ஏறினார் என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. அப்பா செருப்பைக் கழற்றினார். கிளாஸில் இருந்ததை வேரில் மெதுவாக, கடைசிச் சொட்டுவரை ஊற்றினார்.

"கொட்டினதுக்குப் பதிலா ஊத்திட்டேன். கணக்கு நேராகாது. தெரியும்" என்றார்.

நான் அவர் தோளில் கை போட்டேன். அதுவும் முதல் தடவைதான். ஒரு குப்பியில் அவருக்கு அரை கிளாஸ், எனக்கு ஒன்றரை கிளாஸ், அப்பாருக்கு மீதி. மூன்று தலைமுறை ஒன்றாகக் குடித்தாயிற்று.

★

போக நினைக்கும் நண்பர்களுக்குச் சில வார்த்தைகள். உக்கடத்திலிருந்து பாலக்காடு பஸ். புதுச்சேரியில் இறங்கினால் ராமசேரிக்கு ஆட்டோ. காலையிலேயே போங்கள். சித்தூரிலிருந்து திரும்ப, கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கு பஸ் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறையில் தமிழ் பேசினாலே போதும். கள்ளில் கலப்படப் புகார் அங்கேயும் உண்டு. ஆகவே தோப்பை ஒட்டிய கடையாக, முன்பகலில் போங்கள். மத்தியானத்துக்கு மேல் அது வேறு ஆள். குப்பியை எல்லை தாண்டிக் கொண்டுவரும் வீரமெல்லாம் வேண்டாம். வண்டி ஓட்டாதீர்கள். முடிந்தால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் குடிக்காவிட்டாலும் பரவாயில்லை, பேசுவார்.

பொள்ளாச்சி பஸ்ஸில் அப்பா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அரை கிளாஸ்தான்!

வீட்டுக்கு வரும்போது ஏழு மணி. அம்மா வாசலிலேயே நின்றாள். இரண்டு பேரையும் ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள்.

"இட்லி எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"மாவு கொஞ்சம் ஓவராப் புளிச்சுப் போச்சாட்ட இருக்குது. வாசல் வரைக்கும் வாசம் வருது."

அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "கள்ளு குடிச்சோம். ஐயன் ஏறின தோப்புக்குப் போயிட்டு வந்தோம்."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவளுக்கு 89-ம் வருஷமே தெரிந்திருக்கிறது. கொல்லையில் முட்டியைக் கழுவி எடுத்து வைத்தவளே அவள்தானாம்.

"எனக்குக் கொண்டாந்த தெளுவு எங்க?" என்றாள். "அடுத்த தடவை நானும் வர்றேன்."

அடுத்த மாதம் மூன்று டிக்கெட். என் மகளையும் கூட்டிப் போகலாமா என்று யோசனை. அவளுக்கு இட்லி மட்டும். ஆனால் பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால், அவள் கொள்ளுத்தாத்தா என்ன தொழில் செய்தார் என்று சரியாகச் சொல்லட்டும்.